மூன்று வரி அழைப்பு

காஸ்ட்ரோ நகரத்துக் கடைக்காரர்
ஒரு பலூனை ஊதிக் காட்டினார்.
மக்கிப் போகும் ரகமாம்.
எத்தனை நாளில் என்று கேட்டேன்.
"பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை, பெண்ணே."

மூங்கில் கரண்டிகளும் வைத்திருந்தார்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் சட்டை போட்டு.
ஈக்வடாரிலிருந்து பறந்து வந்த ரோஜாக்கள்
வாளியில் நின்றன.
எலியாசரும் நானும்
இதுவரை விமானம் ஏறியதில்லை.

ஒன்றும் வாங்காமல் இறங்கினோம்.
சிலோயே தீவின் வழக்கமான மழை.
குடையை அங்கேயே விட்டது
படகுத்துறையில்தான் உறைத்தது.

பூவுக்கு
நொர்மந்தினாவின் உருளைக்கிழங்கு வயலுக்குப் போனோம்.
"கிழங்குக்குத்தான் இதுவரை விலை கேட்டிருக்கிறார்கள்"
என்று சிரித்தாள்.
வெள்ளையும் ஊதாவுமாகப் பூ.
பறித்தால் மத்தியானம் தாண்டாது என்றாள்.
"சம்மதம் சொல்ல அரை நிமிஷம் போதும்"
என்றான் எலியாசர்.
கூலி: ஏப்ரலில் ஒருநாள்
இரண்டு பேரும் கிழங்கு தோண்ட வேண்டும்.

படம் எடுக்க ஆள் வைக்கவில்லை.
படகுப் பட்டறையில் வரைபடம் போடும்
சிக்ஸ்தோவைக் கேட்டோம்.
மனிதர்களை வரைந்து பழக்கமில்லை என்று
மூன்று முறை சொன்னார்.

தட்டுகள் மூடிப்போன பள்ளிக்கூடத்திலிருந்து.
தொண்ணூறு.
விளிம்பில் பிள்ளைகளின் வரிசை எண்
இன்னும் அழியாமல்.

அழைப்பிதழுக்கு அட்டை வேண்டாமென்று
வானொலிக்குப் போனோம்.
தீவுகளுக்குச் சேதி வாசிப்பவள் உபெர்லிந்தா.
யாருக்கு மருந்து வருகிறது,
யார் வீட்டுப் பசு தொலைந்தது,
எந்தப் படகு இன்று ஓடாது,
எல்லாம் அவள் குரலில்தான்.
வரிக்கு இவ்வளவு என்று கணக்கு.
நாள் ஒரு வரி, இடம் ஒரு வரி,
எங்கள் பெயர் ஒரு வரி.
யார் யாரை அழைக்கிறோம் என்பது நாலாவது.
கையைக் கடித்தது. எடுத்துவிட்டோம்.

பிப்ரவரிச் சனிக்கிழமை
கரையில் முதல் படகு தட்டியபோது
அம்மா கையசைத்தாள்.
பதினோராவது படகுக்குக் கையைக் கீழே போட்டாள்.
பெயர் தெரியாத தீவுகளிலிருந்து
பெயர் தெரியாதவர்கள்
தேய்த்த சட்டையில் வந்து இறங்கினார்கள்.
பசு தொலைத்தவரும் வந்தார்.
கிடைத்துவிட்டதாம்.

முதல் பந்தியோடு தட்டு தீர்ந்தது.
"அந்தக் காகிதத் தட்டையே வாங்கியிருக்கலாம்,"
அம்மா என் காதில் சொன்னாள்,
சிரித்த முகம் மாறாமல்.

குழியைத் திறந்தார்கள்.
சுட்ட கல், சிப்பி, பன்றிக்கறி,
ஆள் முகம் மறைக்கும் ஆவி.
யாரோ ஒரு மீனவர்
ஓடைக்கரையிலிருந்து நல்கா இலைகளை
அறுத்துச் சுமந்து வந்தார்.
குடை அளவு இலை ஒவ்வொன்றும்.
ஓர் இலைக்கு நாலு பேர் குனிந்தோம்.
சாறு முழங்கை வரை வழிந்தது.
என் கையிலிருந்த பூ
அதற்குள் தலை சாய்த்திருந்தது.

பிறகுதான் பார்த்தேன்.
வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை.
ரொட்டி, பாலாடைக்கட்டி, பூண்டு, ஆப்பிள் மது,
எல்லாம் பிளாஸ்டிக் பையில்.
எண்ணினேன். எழுபத்தொன்று.

புருஷன் பெண்டாட்டியாக முதல் காலையில்
பைகளைக் கழுவிக் கொடியில் மாட்டினோம்.
மழை அவற்றை மறுபடி கழுவியது.

சிக்ஸ்தோவின் படம் வந்திருக்கிறது.
எல்லார் இடுப்பிலும் நீர்மட்டக் கோடு.
நாங்கள் இருவரும்
வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறோம்.
ஓரத்தில் பென்சிலால்
'பாரம் ஏறினால் நேராகும்.'

சொல்ல மறந்தேன்,
கடைக்காரரும் வானொலி கேட்டிருக்கிறார்.
குடையைத் திருப்பித் தந்தார்.
கைப்பிடியில் ஒரு பலூன் கட்டியிருந்தது.
ஏழு வாரமாகிறது.
சுருங்கி, அடுப்புக்கு மேலே
ஆணியில் தொங்குகிறது.
ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும்
பக்கத்தில் உட்கார்ந்து
பார்த்துக்கொண்டிருக்கிறோம்.