பானை இறக்கிய நாள்

காலையில் நான்கு பானைகளையும் கொக்கியிலிருந்து கழற்றினேன்.
உள்ளே காய்ந்த எச்சம், தினை உமி,
ஒரு கூமுட்டை.
கொதிநீர் ஊற்றிக் கழுவி
சின்டெக்ஸ் தொட்டி நிழலில் கவிழ்த்து வைத்தேன்.
ஆறு மாதத்துக்கு அவை வெறும் பானைகள்.

இருபத்தேழாம் நம்பர் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள்.

பெயர் வைப்பதில்லை நான்.
காலில் வளையம், வளையத்தில் எண்,
எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம்.
தாய் பதினொன்று. தகப்பன், வியாசர்பாடியில் வாங்கிய நீலம்.
முப்பத்தொன்றும் அதே பானையில் கண் திறந்தவன்
ஆகவே அவனுக்கு வேறு கூண்டு.
கம்பி வழியே மூக்கோடு மூக்கு உரசினால்
"அண்ணன்டீ" என்று அதட்டுவேன்.
துணி காயப்போட வரும் ஹவுஸ் ஓனர் சிரிப்பார்.

பத்து மணிக்கு டில்லிபாபு மாடியேறி வந்தான்
கையில் அட்டைப்பெட்டி
மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்.
"இன்னாக்கா, சீசன் டைம்ல பானைய எறக்கிக்கினு?
உன்னாண்ட இருக்கறத மொத்தமா குடு,
நாப்பது சேக்கணும்.
கல்யாண மண்டபம். பொண்ணு மாப்ள கையால
பறக்க வுடறாங்க. போட்டோவுக்கு."

விட்டால் எங்கே போகும் என்றேன்.
"வானத்துக்குதான்" என்றான்.

கொருக்குப்பேட்டை வானம் எனக்குத் தெரியாதா.
கேபிள் ஒயர், அறுந்த மாஞ்சா,
செல்போன் டவரில் வரிசையாகக் காத்திருக்கும் காக்கை.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும் இரவுகளில்
தொண்டை கமறி எழுந்து
முதலில் கூண்டுக்கு ஈரத்துணி போடுகிறேன்,
பிறகுதான் மகளின் ஜன்னலைச் சாத்துகிறேன்.
அந்த வானத்தில்
கிண்ணத்துத் தினையைத் தவிர வேறெதையும் தேடத் தெரியாத,
ஒளிய முடியாத அளவுக்கு மஞ்சளான இவை.

விரல் மடக்கி விலை சொன்னான்.
நல்ல விலை.

போன வருஷம் நானும் பானை இறக்கவில்லை.
பத்தொன்பதாம் நம்பரின் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது:
முதல் ஈடு ஐந்து, இரண்டாவது ஆறு, மூன்றாவது நான்கு.
மகள் ஒன்பதாவது போன வருஷம்,
ஈட்டுக்கு ஒரு டெர்ம் பீஸ்.
நாலாவதில் முட்டை வயிற்றிலேயே நின்றுவிட்டது.
விளக்கெண்ணெய் தடவி, வெந்நீர் ஆவி காட்டி,
முந்தானையில் பொதிந்துகொண்டு
வேப்பேரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினால்
கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி.
நாற்பத்தோராவது வேகனில்
உள்ளங்கையை நகம் ஒருதரம் பற்றி
விட்டது.
கேட் திறந்ததும் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.
இறங்கித் திரும்பி நடந்தேன்.
நோட்டில் நாலாவது வரி காலியாகவே இருக்கிறது.

இதையெல்லாம் டில்லிபாபுவிடம் எதற்குச் சொல்ல.
"இல்லப்பா" என்றேன்.
அவனுக்கும் வாடகை இருக்கிறது, பெரிதாகக் கோபப்படவில்லை.
பாதிப் படியில் நின்று
"வேற ஆளு குடுப்பாங்கக்கா" என்றான்.
கொடுப்பார்கள்.
வெறும் பெட்டி தொடையில் தட்டிக்கொண்டே கீழே போனது.

சாயங்காலம் கணவாய் ஓடு கட்டினேன்.
காசிமேட்டில் பிலோமினா
கழித்துப் போடுவதில் எனக்கென்று எடுத்துவைப்பாள்,
மூன்று நாள் ஊறப்போட்டு உப்பெடுத்தது.
மற்றவை கொறித்தன.
இருபத்தேழு கிட்டேகூட வரவில்லை.
பானை தொங்கிய கொக்கியைப் பற்றிக்கொண்டு
இல்லாத வாசலுக்குள்
தலையை நுழைத்து நுழைத்துப் பார்க்கிறாள்.

உன் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வந்தேன்.
கூண்டின் தாழ்ப்பாள் கையில் இருந்தது.
சொல்லவில்லை.

இன்றைக்கும் காற்று மணலியிலிருந்துதான்.
துணியைப் பிழிந்து போர்த்தினேன்.
உள்ளேயிருந்து, இருட்டில்,
இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.