கியர் கிடையாது

ஸ்கிராப் தொட்டியில் கிடந்த அலுமினியக் கட்டையை
தனகோட்டி சாரிடம் எழுதிக் கொடுத்துத்தான் எடுத்தேன்.
எடைக்குக் காசு, இருநூற்றுப் பத்து.
"என்னம்மா பண்ணப் போற, இட்லித் தட்டா?"
ஆமாம் சார் என்றேன்.

மூன்று நைட் ஷிப்ட், சாப்பாட்டு நேரங்களைத் தின்று
நாலரை அங்குலத்தில் ஒரு சக்கரம் வந்தது.
நடுவே ஒரே அச்சு. இரண்டு பேரிங்.
பல்லில்லை, கிளட்ச் இல்லை,
மீன் இழுத்தால் நிறுத்த ஒன்றுமே இல்லை.
சென்டர்பின் என்று பேர்.
டயல் கேஜில் முள் ஒரு கோடுகூட நகரவில்லை
என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.
வாஹித்திடம் சொன்னேன்.

பேரிங்கோடு வருகிற கிரீஸ் ஆகாது.
பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவித்
தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.
இரண்டாவது சொட்டு சக்கரத்தைச் சோம்பேறி ஆக்கும்.
ஒரு தட்டு தட்டினேன், வாஹித் வாட்சைப் பார்த்தான்.
ஒரு நிமிஷம் நாற்பது.
நிற்கும்போது அரைச் சுற்று பின்னால் வந்து
எதையோ மறந்துவிட்ட மாதிரி ஆடியது.
கைப்பிடிப் பக்கம் கனம்.
அங்கே நாலு துளை போட்டேன்.
அதற்கப்புறம் நின்ற இடத்தில் நின்றது.

எல்லாம் ஆயிற்று. ஆற்றில்தான் தண்ணீர் இல்லை.
பொன்னையில் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.
மொட்டைமாடியில் வீசிப் பழகினேன்:
இடது கையால் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து
சக்கரத்தைக் கிளப்பிவிட்டு, அதே மூச்சில் கோலை முன்னால்.
எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா இரண்டு முறை மாட்டியது.

ஐப்பசி கடைசியில் வாஹித் போன்.
"கலவகுண்டாவுல ஷட்டர் தூக்கிட்டாங்க."
முதல் நாள் செம்மண் குழம்பு, மரம், செருப்பு.
நாலாம் நாள் டீ நிறத்துக்குத் தெளிந்தது.

திருவலம் இரும்புப் பாலத்துக்குக் கீழே,
முழங்கால் தண்ணீரில் நான்,
கரையில் குடையோடு வாஹித்.
மயிலிறகுத் தண்டில் தக்கை,
அதன் கீழே சட்டைப் பொத்தான் இடைவெளியில்
ஆறு ஈயக்குண்டு, முள்ளில் மண்புழு.

முதல் வீச்சு.
சக்கரம் ஆற்றைவிட அவசரப்பட்டது.
நரம்பு விளிம்புக்கு வெளியே வழிந்து குருவிக்கூடு கட்டிக்கொண்டது.
இருபது நிமிஷம் பிரித்துக்கொண்டிருந்தேன்.
பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒருத்தி கேட்டாள்,
"ஏங்க, பட்டமா விடறீங்க?"

பெருவிரல் சதை விளிம்பைத் தொட வேண்டும்.
பிடிக்கக் கூடாது.
இதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன்;
பார்க்கவில்லை, செய்திருக்கிறேன்.
ஓடுகிற ஜாப்பில் எமரித் தாளை வைக்கிற அழுத்தம்.
பதினோரு வருஷமாக இந்த விரலில் இருக்கிறது,
சில்லு கிழித்த தழும்புக்குச் சற்று மேலே.

பிறகு தக்கை நிமிர்ந்து நடந்தது.
ஒரு சுற்றுக்கு முப்பத்தாறு சென்டிமீட்டர்,
நிமிஷத்துக்கு நூறு சுற்று இருக்கும்.
நான் ஓட்டியதிலேயே மெதுவான லேத்,
மோட்டார் ஆந்திராவில் இருந்தது.

தூண் அருகே லேசாகத் தடுத்தேன்.
தக்கை என் பக்கம் சாய, புழு முன்னால் போயிற்று.
ரயில் பாலத்தில் ஏதோ எக்ஸ்பிரஸ்,
நான் ஜன்னல்களைப் பார்த்தேனா, தெரியவில்லை,
திரும்பினால் தக்கை இல்லை.

விரலை அழுத்திக் கோலைத் தூக்கினேன்.
அது ஓடியது. விரல் நழுவியது.
கைப்பிடி சுழன்று கணுவில் அடித்தது,
இன்னொரு முறை அடித்தது.
"பெருசு, பெருசு" என்று வாஹித் குடையை எறிந்துவிட்டு
சாப்பாட்டுப் பையோடு இறங்கினான்.

ஒரு சாண் கெளுத்தி.
வெள்ளத்தின் பலத்தையும் தன் கணக்கில் காட்டியிருக்கிறது.
முள் குத்தாமல் கர்சீப்பில் பிடித்துக் கழற்றிவிட்டேன்.
பையை உதறி மடித்தபடி
"குழம்பு வாசனைக்காவது ஆயிருக்கும்" என்றான்.

திங்கட்கிழமை வீங்கிய விரல்களைப் பார்த்து
தனகோட்டி சார், "இட்லி வெந்துச்சா?"
வெந்தது சார். சின்னது.

தண்ணீர் இன்னும் நாலு நாளோ, ஐந்தோ.
சக்கரத்தில் எண்பது மீட்டர் நரம்பு இருக்கிறது,
முப்பதுதான் நனைந்திருக்கிறது.