பிப்ரவரித் தாள்

ஒரு பக்கம்தான் தருகிறார்கள். பின்பக்கம் விளம்பரத்துக்கு.
அதனால் சுருக்கமாக:
கார்ட்லேண்ட் அவென்யூவில், ரயில் பாலம் வரைக்கும்
ஈயக் குழாய்களை மாற்றும் வேலை
மார்ச்சில் தொடங்கும் என்கிறது மில்வாக்கி நகராட்சி.
போன மார்ச்சிலும் அதையேதான் சொன்னது.
பள்ளம் விழுந்தால் நம்புவோம்.

ஹோதனின் சம்பூசாக் கடைக்குப் புதுப் பலகை வந்துவிட்டது,
எழுத்துப் பிழையோடு.
திருத்த நூற்று நாற்பது டாலர் கேட்கிறார்களாம்.
"இருக்கட்டும். பிழையைப் படிக்க நிற்கிறவன்
வாசனைக்கு உள்ளே வருவான்" என்கிறாள்.
வருகிறான். நானே வந்தேன்.

மாதக் கூட்டம் நூலக அறையில் நடக்கவில்லை.
கொதிகலன் செத்து,
நாற்காலிகளில் ஏரிக்காற்று உட்கார்ந்திருந்தது.
எதிரே எபிஃபானியோவின் சலவைக்கடையில்
பதினான்கு உலர்த்திகளும் சுற்றிக்கொண்டிருந்தன.
இங்கே வாருங்கள் என்று கதவைத் திறந்து பிடித்தார்.
வழக்கமாக ஒன்பது பேர் வருவார்கள்,
அதில் மூவர் காப்பிக்கு.
அன்று முப்பத்தொரு பேர்.
கூட்டத்துக்கு வந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன்,
துணி காயும்வரை தப்ப வழியில்லாதவர்கள்.
கை தூக்கச் சொன்னபோது
ஒருத்தி ஈரப் போர்வையோடு தூக்கினாள்.
அதையும் எண்ணிக்கொண்டேன்.

பேச்சு, பேருந்து நிறுத்தத்துப் பச்சை பெஞ்சைப் பற்றி.
இரவில் ஒருவர் படுக்கிறார்,
காலையில் வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்,
எடுத்துவிடச் சொல்லி எழுதுங்கள் என்றார்
மூக்குக்கண்ணாடிக் கடை ஸ்விடெர்ஸ்கி.
முடிவெட்டும் ஓடெல்
கடைத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.
நிமிரவில்லை.
"படுக்கிறவனுக்குப் பேர் இருக்கு. லைல்.
வார்ப்பாலையில் பதினோரு வருஷம் என் பக்கத்து இயந்திரம்."
அப்புறம் உலர்த்திகளின் சத்தம் மட்டும்.
யாருடைய ஜிப்போ உள்ளே
டக் டக் என்று தகரத்தில் மோதிக்கொண்டே இருந்தது.

எடுக்கலாம்: பதினான்கு.
வேண்டாம்: பதினாறு.
ஒருவர் காசு மாற்றப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை நகராட்சி வண்டி வந்து
பெஞ்சைப் பெயர்த்துக்கொண்டு போனது.
உத்தரவு டிசம்பரிலேயே கையெழுத்தாகிவிட்டதாம்.
குழாய்க்கு வருஷக்கணக்கில் வராத கை,
நான்கு போல்ட்டுக்கு நாற்பது நிமிடம்.

சனிக்கிழமை காலை அந்த இடத்தில் ஒரு நாற்காலி.
ஓடெல் கடையுடையது,
கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியது, எனக்குத் தெரியும்.
ஞாயிறு, மாய் ஸோங்கின் தையற்கடை முக்காலி.
திங்கள், சலவைக்கடையின் ஆரஞ்சு பிளாஸ்டிக்,
ஒட்டிப் பிறந்த மூன்று.
செவ்வாய்க்கிழமை, சக்கரம் வைத்த ஒன்று,
கண் பரிசோதிக்கும்போது நம்மை உட்கார வைப்பது.
ஸ்விடெர்ஸ்கியிடம் நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும் சன்னல் துடைப்பதை நிறுத்தவில்லை.

பேருந்துக்கு வருகிறவர்கள் முதலில் தயங்குகிறார்கள்,
அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல.
பிறகு உட்காருகிறார்கள்.
சக்கர நாற்காலிக்குப் பிள்ளைகளிடையே சண்டை.
படம் எடுக்க ஒரு செய்தித்தாள்காரர்கூட வந்தார்.
எங்களை நாங்களே
கொஞ்சம் மெச்சிக்கொண்டோம், மறைப்பானேன்.

புதன்கிழமை ஓடெல் கடை திறக்க வந்து
நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"இதில் எப்படிப் படுப்பான்?" என்றார்.

லைலை ஆறு நாளாகக் காணோம்.

மற்றவை:
வருமான வரிப் படிவம் நிரப்ப உதவி, செவ்வாய் மாலை,
நூலகத்தில், கொதிகலன் பிழைத்தால்.
பனிக்கட்டிச் சிற்பப் போட்டி கடைசிச் சனிக்கிழமை.
சென்ற ஆண்டின் மீன் இன்னும் உருகவில்லை
என்பவர்கள் வந்து பார்க்கவும், அது குப்பைத்தொட்டி.
மார்ச் கூட்டமும் சலவைக்கடையில், ஏழு மணிக்கு.
அழுக்குத் துணி கொண்டுவருபவர்களுக்கு முன்னுரிமை.
சாம்பல் நிறத் தொப்பி, இடது காலைச் சற்று இழுத்து நடப்பவர்,
பார்த்தவர்கள் ஓடெலிடம் சொல்லவும், எந்த நேரமானாலும்.
தச்சு வேலை தெரிந்தவர்கள் தேவை.
மரம் ஸ்விடெர்ஸ்கி தருகிறார்.
நீளம் ஆறடி. நடுவில் கைப்பிடி வேண்டாம்.