பதினேழரை வீடு

பாதாளச் சாக்கடை மூடி
காணாமல் போன மறுநாள் காலை
புதுப்பாளையம் மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு
அரையாண்டு வரி கேட்டுப் போனேன்.
வேறு நாளே கிடைக்கவில்லை எனக்கு.

தெரு நடுவே வட்டமாக ஓர் இருட்டு.
அதில் யாரோ செருகிய பூவரசங்கிளை,
உச்சியில் கிழிந்த சிவப்பு உள்பாவாடை.
அங்கிருந்து முனை வரைக்கும்
புதுத் தாரில் ஒரு வெள்ளைக் கீறல்.
இழுத்துத்தான் போயிருக்கிறார்கள்.
மூன்று சக்கர வண்டி நின்ற இடத்தில்
சொல்ல வந்ததை விழுங்கியதுபோல
கீறல் நின்றுவிட்டது.

மரியபுஷ்பம் கதவைப் பாதி திறந்தாள்.
"ராத்திரி சத்தம் கேட்டுது.
நீங்கதான் ஏதோ வேல செய்யறீங்கன்னு நெனச்சோம்."
எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்:
"முனிசிபாலிட்டி ராத்திரில வேல செய்யுதுன்னு
நம்புன ஒரே ஆளு நீதாம்மா."

தானே புயலில் தென்னைகள் படுத்தபோது
அசையாமல் கிடந்த இரும்பு அது.

கணக்கு எனக்குத் தொழில்.
எடை நாற்பத்திரண்டு கிலோ.
முள் ஆடுகிறதென்று இரண்டைக் கழித்து
கிலோ இருபத்தெட்டென்று போட்டால்
எடுத்தவன் கைக்கு ஆயிரத்து நூற்று இருபது.
புது மூடி, சட்டம், சிமெண்ட், கூலி,
டெண்டர் விளம்பரம் எல்லாம் சேர்த்து
ஊருக்குப் பதினோராயிரத்து இருநூறு.
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன்.
1120
11200
ஒரு சைபர்தான் வித்தியாசம்.
அது தெருவில் வாய் திறந்து கிடந்தது.

வீட்டுக்கு அறுநூற்று நாற்பது வரி.
வகுத்தால் பதினேழரை வீடு.
முதல் கதவிலிருந்து எண்ணிக்கொண்டே போனேன்.
தையல் மெஷின் ஓடும் வீடு,
நாய் மட்டும் இருக்கும் வீடு,
"அவரு வந்ததும் தரேன்" என்று
மூன்று வருடமாக அவர் வராத வீடு.
பதினெட்டாவது, சிலிண்டர் போடும் தனுசுராசு.
இவன் வரியில் பாதி மூடிக்குப் போகிறது.
மீதிப் பாதியில்
தெருவிளக்கு, கொசுமருந்து, என் சம்பளம்.

கோப்பு மேசை மாறி மேசை போவதற்குள்
ஐப்பசி வந்துவிட்டது.
கெடிலம் பெருகிய ராத்திரி
சாலையும் பள்ளமும் ஒரே மட்டம்.
பூவரசங்கிளை மிதந்து போய்
சவேரியார் ஒர்க் ஷாப் வாசலில்
எச்சரித்துக்கொண்டு நின்றது, யாருமில்லாத இடத்தில்.
தனுசுராசு தோளில் சிலிண்டரோடு வந்தான்.
சிலிண்டர் உருண்டு மேலே நின்றது.
அவன் இடுப்பு வரை உள்ளே.
முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
என் பதிவேட்டில் இடமில்லை.

தை மாதம் நெல்லிக்குப்பம் சாலையில்
காயலான் கடைக்குத் தொழில் வரிக்குப் போனேன்.
என் வார்டில் பாக்கியே வைக்காத கடை.
டீ சொன்னார். பணத்தை எண்ணிக் கொடுத்தார்.
மின்விசிறிக் காற்றில் பில்கள் பறக்காமலிருக்க
மேலே ஓர் இரும்புத் துண்டு வைத்திருந்தார்.
சம்மட்டியால் உடைந்த விளிம்பு.
எழுத்து மட்டும் தெளிவாக: 'கட'.

ரசீது கிழிக்கும்போது என் கை
வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனது.
அவர் உள்ளே சில்லறை எடுக்கப் போன நேரம்
துண்டு என் பைக்குள் இருந்தது.
இரண்டு கிலோ இருக்கும்.
பஸ் ஸ்டாண்டு வரை தோள்பட்டை வலித்தது.
நானும் இரும்பு திருடி என்று
நடு வழியில்தான் உறைத்தது.

ஸ்டேஷனில் ரைட்டர் அதைப் புரட்டிப் பார்த்தார்.
"கட இருக்கு. லூர் எங்கம்மா?"

இப்போது கான்கிரீட் மூடி போட்டிருக்கிறோம்.
இதை யார் எடுப்பார்கள் என்றார் உதவிப் பொறியாளர்.
யாரும் எடுக்கவில்லை.
ஓரத்தை உடைத்து, உள்ளே இருந்த கம்பியை மட்டும்
உருவியிருக்கிறார்கள்.

பதினெட்டாம் வீட்டில்
தனுசுராசு கதவைப் பிடித்துக்கொண்டு
ஒற்றைக் காலில் நின்று எண்ணினான்.
அறுநூற்று நாற்பது.
எச்சில் தொட்டு இன்னொரு முறை எண்ணினான்.
"சரியா இருக்கா பாருங்க."
சரியாகத்தான் இருந்தது.