ஏழாவது பலகை

கயிற்றில் ஒரு முடிச்சு வந்தால் வளைவு.
இரண்டு வந்தால் நின்று படிக்கவேண்டிய பலகை.
மூன்று வந்தால் பாலம்.
பயப்பட ஒன்றுமில்லை என்றான் சாமுலி,
தண்ணீர் இடுப்பளவுதான்.
இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

கஜானியிலிருந்து வேனில் ஆறு பேர்,
மூரி என்றொரு நாய்.
ஜூன் மாதம். இருட்டாத இரவுகளாம்.
கொசுக்களும் தூங்கியதாகத் தெரியவில்லை.

சாமுலிக்கு நாங்கள்தான் முதல் குழு.
பயிற்சியில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்:
நிறம் பேசாதே.
மறந்தும் 'பார்' என்று சொல்லிவிடாதே.
காலையிலிருந்து அந்தச் சொல்லை
மாத்திரைபோல விழுங்கிக்கொண்டிருக்கிறான்.
"அங்கே பா..." என்று தொடங்கி
"...சி" என்று முடிக்கிறான்.

பாசிதான். தொட்டுப் பார்த்தேன்.
முழங்கைவரை போனது கை.
மேலே வெயில், நடுவில் பிழியாத துணி,
அடியில் போன வருடத்துக் குளிர்
இன்னும் காலி செய்யாமல் குடியிருந்தது.

ஒரு குத்துச்செடியின் இலையைக் கசக்கி
ஆளாளுக்கு மூக்கருகில் நீட்டினான்.
வார்னிஷ் என்றேன் நான்.
கற்பூரம் என்றது ஒரு குரல்.
"என் இரண்டாவது கணவரின் அலமாரி" என்றாள் லெம்பி,
"பூச்சி வராமல் கோட்டுப் பையில் வைத்திருப்பார்.
பூச்சி வரவில்லை. நானும் அதிகம் போகவில்லை."

ஐமோவுக்குப் பிறவியிலிருந்தே இல்லை.
எனக்கு நாற்பத்தொன்றில் போனது,
ஒவ்வொரு நிறமாக; மஞ்சள் கடைசியில்.
அதனால் இந்த நிறமில்லாத பேச்சில்
எனக்குத்தான் பசி.
கன்னத்தில் உரசிய பஞ்சுப்புல்
பால் வெள்ளையா, பழந்துணி வெள்ளையா?
கேட்கவில்லை.
பாவம், பரீட்சை எழுதுகிறவனிடம் எப்படிக் கேட்பது.

இரண்டு முடிச்சு. ஏழாவது பலகை.
முதலில் ஐமோ படித்தார்.
விரல் நின்றது. பின்னால் போனது. மறுபடி வந்தது.
"ஓஎ" என்றார்.
"அடுத்து, நம் மொழியில் இல்லாத ஓர் எழுத்து.
அதற்கடுத்து, ஆஎ."
குடித்துவிட்டு வந்தவன்
படிக்கட்டில் எழுப்பும் சத்தம்.

லெம்பிதான் கண்டுபிடித்தாள்.
சுவோ.
சதுப்பு என்ற மூன்றெழுத்துச் சொல்
தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.
கவிழ்த்தால் எங்கள் புள்ளிகளில்
ஓ, ஓஎ ஆகிவிடும். ஸ, ஆஎ ஆகிவிடும்.
ட் மட்டும் எப்படிப் புரட்டினாலும் ட்.
அப்படி ஒரு சித்தப்பா எனக்கும் உண்டு.

மீதி வாக்கியங்களை விடமாட்டேன் என்று
பலகைக்கு மறுபுறம் எக்கிக் குனிந்தார் வெய்க்கோ,
பின்புறம் முழுவதும் சதுப்பின் பொறுப்பில்.
சாமுலி பாய்ந்து அவர் பெல்ட்டைப் பிடித்தான்.
"ஏன் சிரிக்கிறீர்கள்?
எல்லோரும் ஏன் சிரிக்கிறீர்கள்?"

பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.
நான்கு திருகாணி. ஒன்று சாய்ந்து ஏறியிருந்தது.
அதன் அருகே திருப்புளி வழுக்கிய நீளக் கீறல்.
ஏப்ரலில், பனிமழையில், தனியாக,
இருபத்திரண்டு பலகை மாட்டியதாக
வேனில் சொன்னானே.
"நன்றாக இருக்கிறது" என்றேன்.
யாரும் மறுக்கவில்லை.
ஐமோ மட்டும் மெதுவாக "ஓஎ" என்றார்.

அப்போதுதான் அது கத்தியது.
யாரோ தகரக் குழாயை ஏரிக்குக் குறுக்கே இழுத்ததுபோல.
பிறகு சிறகு, மிகப் பக்கத்தில்,
ஈரப் போர்வையை உதறும் காற்று முகத்தில் அடிக்க,

"பாருங்கள்!" என்று கத்திவிட்டான் சாமுலி,
"கொக்கு! சாம்பல், முழுக்கச் சாம்பல்,
கழுத்து கறுப்பு, உச்சந்தலையில் சிவப்பு,
ஒரு காசளவு..."

அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்ட மௌனம்.

"நிறுத்தாதே" என்றேன்.
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஐமோவின் முகம் அதற்குள் கிழக்கே திரும்பியிருந்தது;
அவர் தோள் என் தோளை உரசிக்கொண்டு போனதில் தெரிந்தது.
"இடது சிறகில் ஓர் இறகு இல்லை" என்றார்.
"அந்தப் பக்கம் மட்டும் விசிலடிக்கிறது."

சாமுலி வெகுநேரம் பேசவில்லை.
"ஆமாம்" என்றான்.
"நான் பார்க்கவில்லை."

பலகை விஷயத்தை
வேன் கதவு சாத்தியபிறகுதான் சொன்னோம்.
திருப்புளி எங்கே என்று உடனே
இருக்கைக்கடியில் தேடத் தொடங்கினான்.
அதன்மேல் லெம்பி உட்கார்ந்திருந்தாள்.
எழுந்திருக்கவில்லை.