ஆட்டுக்கு அரை டிக்கெட்

நாங்குநேரி பத்திர ஆபீஸில்
சர்வர் படுத்துவிட்டது.
வேப்பமரத்தடி பெஞ்சின் இந்தக் கோடியில்
லிங்கதுரை பெரியப்பா,
அந்தக் கோடியில் தங்கபுஷ்பம் அத்தை.
நாலு வருஷமாக இவர்களுக்குள்
வக்கீல்தான் பேசுகிறார்.
நடுவில் நான், ஆதார் நகல்களோடு.

யாரோ போட்ட டோக்கனை
ஒரு ஆடு மென்றுகொண்டு போனது.
பெரியப்பா தொண்டையைச் செருமினார்,
என்னிடம் சொல்வதுபோல்:

“திசையன்விளை சந்தையிலருந்து வாரோம்.
ஆட்டுக்கும் அரை டிக்கெட் போட்டுட்டான் கண்டக்டர்.
இட்டமொழியில செக்கிங் ஏறுதான்.
அதுக்குள்ள ஆடு டிக்கெட்டைத் தின்னுட்டு.
‘எங்கவே டிக்கெட்டு?’ங்கான்.
‘உள்ளதான் இருக்கு சார்,
காலையில வந்தா வாங்கிக்கிடலாம்’னு
உங்க தாத்தா…”

“காலையிலன்னு சொல்லல,”
என்றது அந்தக் கோடி.
“சாயங்காலம்னாவ.
குட்டிலா அது, சீக்கிரம் செரிக்கும்.”

“ஏட்டி, நீ அந்த பஸ்ஸுலயே இல்ல!”

“ஆட்டை மடியில வச்சிருந்ததே நான்தான்!”

எனக்கு இந்தக் கதை மனப்பாடம்.
ஒரு தரம் கிடா, ஒரு தரம் செம்மறி,
ஒரு கல்யாண வீட்டில்
செக்கிங்கின் தொப்பியையும் தின்றது.
இருந்தும் ‘ஏறுதான்’ என்றதுமே
என் வயிற்றுச் சிரிப்பு
ஸ்டாப் வருவதற்குள் எழுந்து
கம்பியைப் பிடித்து நிற்கிறது.

முத்திரைத்தாள்காரர் பேனாவை மூடிவிட்டார்.
அத்தைக்குப் புரையேறியது.
கதையை நிறுத்தாமல்
என்னைத் தாண்டித் தண்ணீர் பாட்டிலை
நீட்டினார் பெரியப்பா.

ஜன்னலில் குரல்:
“சர்வர் வந்துட்டு. லிங்கதுரை! தங்கபுஷ்பம்!”

அத்தை கையை மட்டும் உயர்த்தினாள்.
“செத்த இருங்க சார்,
செக்கிங் இன்னும் இறங்கல.”