தறிக்கை

பல்லடம் அரசு மருத்துவமனையில்
டோக்கன் நாற்பத்தேழு நான்.
எழுந்து உள்ளே போன பச்சைச் சேலைக்காரியின்
சீட்டை எட்டிப் பார்த்தேன்:
ஐம்பத்திரண்டு.
என்னைக் கூப்பிட்டு முடித்திருக்கிறார்கள்.

காதைத் தொட்டுக் காட்டினேன்.
நர்ஸின் முகக்கவசம் உப்பியது, வற்றியது.
கத்துகிறார் போல.
துணி கத்தினால் எனக்கென்ன தெரியும்?

இறக்கச் சொன்னேன், இறக்கினார்.
எத்தனை மாசம் என்கிறாரா
எத்தனை பாசம் என்கிறாரா?
மாவும் பாவும் உதட்டில் இரட்டைப் பிள்ளைகள்.
எங்கள் பக்கத்து 'ங்' அதைவிட மோசம்.
சொல்லுங், உட்காருங், வாங்:
ஊர் பெருமைப்படும் அந்த மரியாதை
தொண்டைக்குள்ளேயே முடிந்துபோகிறது.
முப்பத்தாறு வருஷமாக எல்லோரும் என்னை
வா, போ என்றுதான் பேசுகிறார்கள்,
என் கண்ணுக்கு.

போன தடவை கொழுந்தனார் வந்திருந்தார்.
டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் பேசினார்.
வயிறு என்னுடையது.
வெளியே வந்ததும் கொழுந்தனார்
உள்ளங்கையை ஒருமுறை ஆட்டினார்: ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததையா பத்து நிமிடம் பேசினார்கள்?
அதற்கு முந்தின தடவை என் மகள்.
ஆறாம் வகுப்பு.
தள்ளிப்போன நாளைப் பற்றி டாக்டர் கேட்டதும்
அவள் கைகள் மடிக்குள் ஒளிந்துகொண்டன.

"கூட யாரு வந்திருக்காங்க?"
இந்தக் கேள்வி மட்டும்
எந்த உதட்டிலும் எனக்குத் தப்பாது.
யாருமில்லை. நான்.

ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்தார்கள்.
அதோடு தமிழும் அணைந்தது.
குளிர்ந்த பசை. வலது விலாவுக்குக் கீழே ஏதோ அழுத்துகிறது.
திரையின் சாம்பல் வெளிச்சத்தில்
ஒரு தாடை மட்டும் அசைகிறது.
மூச்சை இழுக்கவா, விடவா,
புரளவா, எழுந்து போகவா?
ஒவ்வொன்றாக எல்லாமே செய்து பார்த்தேன்.
தாடை இன்னும் வேகமாக அசைந்தது.

மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த பெண்
எழுந்து விளக்கைப் போட்டாள்.
சட்டையில் பெயர்: மயிலாத்தாள்.
மூக்கைத் தொட்டாள்.
பிறகு ஒரு கையால் இன்னொரு கையை வெட்டினாள்:
தறியை நிறுத்து.

உங்களுக்குத் தெரிந்திருக்காது.
நான் வேலை செய்யும் கூடத்தில் இருபத்துநாலு தறி.
அங்கே யாருக்குமே காது கேட்காது.
முதலாளி, பாவு பிணைக்கிறவர், தார் சுற்றுகிறவர்
எல்லோருக்கும் கைதான் வாய்.
இழை அறுந்தது. பாவு தீர்ந்தது.
கரண்டு போச்சு. டீ வந்தாச்சு.
எட்டு மணி நேரம்
நான் ஒரு குறையும் இல்லாதவள்.
ஷிப்டு முடிந்து தறி ஓய்ந்ததும்
எல்லோரும் வாய்க்குத் திரும்பிவிடுவார்கள்.
நான் மட்டும் மறுபடி செவிடி.

மயிலாத்தாளும் காரணம்பேட்டையில்
ஆறு வருஷம் தறி ஓட்டியவளாம். பிறகு சொன்னாள்.
நிறுத்து என்றால் மூச்சைப் பிடி.
ஓட்டு என்றால் விடு.

டாக்டருக்குச் சின்ன வயது. உற்றுப் பார்த்தார்.
மறுபடி விளக்கை அணைத்து, கைபேசி வெளிச்சத்தைத்
தாடைக்குக் கீழே சாய்த்து வைத்தார்.
பேய் மாதிரி இருந்தார். ஆனால் தெரிந்தார்.
கையைத் தூக்கி, ரொம்பக் கவனமாக,
பாவு தீர்ந்துவிட்டது என்றார்.

சிரித்துவிட்டேன்.
திரையில் என் ஈரல் குலுங்கியது.
மயிலாத்தாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தினாள்.
நிறுத்து.
நிறுத்தினேன்.

பித்தப்பையில் மூன்று கல், கடலைப் பருப்பு அளவு.
திரையை என் பக்கம் திருப்பி
விரல்விட்டு எண்ணிக் காட்டினார்,
என்னிடம்.
நல்ல செய்தியில்லை. ஆனால் முழுசாக வந்தது.

சீட்டின் மூலையில் சிவப்பு மையால் எழுதினார்:
'காது கேளாது. முகம் பார்த்துச் சொல்லவும்.'

மருந்து கொடுக்கிற ஜன்னலில்
அதைப் படித்தார் ஒருவர்,
என் முகத்தை நேராகப் பார்த்தார்,
கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

கையைத் தூக்கி வெட்டிக் காட்டினேன்.
அவருக்குப் புரியவில்லை.
வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நாலு பேர்
சிரித்தார்கள்.